சீருடைக்குப் பிறகு – 11: நானா?

ஹைதராபாத்தை ஒட்டிய பட்டான்செரு பஸ் ஸ்டாண்டில் காலை ஆறரை மணிக்கே ஷிஃப்ட் மாறும் கூட்டம் வந்துவிடும். மருந்துக் கம்பெனிகளில் இரவு வேலை முடித்து வருகிறவர்களின் சட்டையில் ஒரு வாசனை இருக்கும். இருபது வருஷமாக இந்த ஊரில் குடியிருக்கிறேன், அது எதைப் போன்ற வாசனை என்று இன்னும் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கூட்டத்தின் நடுவே, செகந்திராபாத் போகும் 219-ஆம் நம்பர் பஸ்ஸுக்காக, நீல ரெக்சின் ஃபைல் ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எங்கள் தெரு அக்கா நிற்பார். மாதம் ஒரு தடவை. ரத்த அழுத்தத்துக்கும் முழங்காலுக்கும் முதுகுக்கும் மாத்திரை வாங்கிவரப் போகிறார்.

தெருவில் அவருக்குக் கர்னலம்மா என்று பெயர். நாகர்கோவில் பக்கத்துக்காரர். ராணுவச் செவிலியர் பணியில் 1980-களின் தொடக்கத்தில் சேர்ந்து, லெப்டினன்ட் கர்னலாக ஓய்வு பெற்றவர். தம்பி குடும்பம் பி.எச்.இ.எல்.-இல் வேலையாக இருந்ததால் இந்தப் பக்கமே வீடு கட்டிக்கொண்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. இந்தத் தொடருக்காகப் பழைய ராணுவ ஆணை ஒன்றைப் படித்தபிறகு, கேட்கவேண்டிய தேவையும் இல்லாமல் போயிற்று. அந்த ஆணையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒருமுறை அவரோடு துணைக்குப் போனேன். எந்த மருத்துவமனை என்பது இங்கே முக்கியமில்லை. கவுன்டரில் இருந்த இளைஞன் கார்டை வாங்கிப் பார்க்காமலே, “சார் வரலையா அம்மா?” என்று கேட்டான். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவனிடம் நிதானமாகச் சொன்னார்: “இது என் கார்டு தம்பி. பட்டாளத்துல இருந்தது நான்.” அவன் கார்டைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், மறுபடி கார்டைப் பார்த்தான். அவனிடம் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அன்று அந்த வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் யாரோ ஒரு ஹவில்தாரின், சுபேதாரின் மனைவிமார். படையில் இருந்த பெண் என்றொருத்தி அந்த வரிசையில் வந்து நிற்பாள் என்பதே அவனுக்குப் புதிது.

சென்ற வாரம் நேதாஜியின் ஜான்சிராணிப் படையையும் அதன் தலைவி கேப்டன் லட்சுமியையும் பார்த்தோம். மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து துப்பாக்கி ஏந்தப் போன தமிழ்ப் பெண்கள் போர் முடிந்ததும் அதே தோட்டங்களுக்குத் திரும்பினார்கள். அவர்களுக்கு மருத்துவம் பார்க்க எந்த அரசாங்கமும் முன்வரவில்லை. தொண்ணூறு வயதைத் தாண்டியும் கான்பூரில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த லட்சுமி, 2012-இல் இறந்தபோது உடலையும் மருத்துவக் கல்லூரிக்கே கொடுத்தார். அது தோற்ற படையின் கதை. ஜெயித்த படையில், சம்பளப் பட்டியலில் பெயர் ஏறிய பெண்களுக்கு என்ன நடந்தது என்பதை இந்த வாரம் பார்க்கவேண்டும்.

அக்கா இறங்கும் இடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் திருமலகிரி இருக்கிறது. வெள்ளைக்காரன் வாயில் அது ட்ரிமல்கெரி ஆயிற்று. 1806-இல் உருவான செகந்திராபாத் கண்டோன்மென்ட்டின் ஒரு பகுதி. அங்குள்ள பழைய ராணுவ மருத்துவமனைக் கட்டடத்தைக் காட்டி, ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் இங்கே வந்து தங்கினார் என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நைட்டிங்கேல் இந்திய மண்ணில் கால் வைத்ததே இல்லை. லண்டனில் படுக்கையில் இருந்தபடியே இந்தியாவின் ஒவ்வொரு படைமுகாமிலிருந்தும் தண்ணீர், சாக்கடை, படுக்கை இடைவெளி பற்றிய அறிக்கைகளை வரவழைத்துப் படித்தார். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களில் ஆயிரத்துக்கு 69 பேர் வருஷந்தோறும் செத்துக்கொண்டிருந்தார்கள் என்று 1863-இல் வெளிவந்த அரச விசாரணைக்குழு அறிக்கை கூறியது. அவர்களைக் கொன்றது சண்டையைவிடக் காலராவும் வயிற்றுக்கடுப்பும் காய்ச்சலும்தான். (இதே செகந்திராபாத்தில்தான், 1897 ஆகஸ்ட் 20 அன்று, மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் இருப்பதை ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்தார். அவர் அப்போது ஒரு மெட்ராஸ் காலாட்படையின் டாக்டர்.)

சிப்பாயைக் காப்பாற்றச் செவிலியர் வேண்டும் என்று நைட்டிங்கேல் எழுதிக்கொண்டே இருந்தார். கால் நூற்றாண்டு கழித்து, 1888-இல், பயிற்சி பெற்ற பத்துப் பெண்கள் பம்பாயில் கப்பல் இறங்கினார்கள். கேத்தரின் கிரேஸ் லாக் அவர்களுக்குத் தலைவி. ராவல்பிண்டிக்கும் பெங்களூருக்கும் பிரித்து அனுப்பப்பட்டார்கள். இந்திய ராணுவத்தில் பெண்களின் வரலாறு அங்கே தொடங்குகிறது.

அந்தப் பத்துப் பேருக்கும் உடம்பு இருந்தது. காய்ச்சல் வார்டில் வேலை செய்தால் காய்ச்சல் வரும், வெயிலில் சுருண்டு விழுவார்கள் என்பதை அரசாங்கம் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. படைத்தலைவர் ராபர்ட்ஸின் மனைவி நோரா நன்கொடை திரட்டினார். மலை ஊர்களில் செவிலியர் தங்கி உடம்பைத் தேற்றிக்கொள்ள இல்லங்கள் அமைத்தார். ராணுவச் செவிலியரின் உடல்நலத்துக்கென்று இந்த நாட்டில் முதலில் ஏற்பட்ட ஏற்பாடு தருமக் காசில் நடந்தது என்பதை இந்தத் தொடரின் வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு நடந்ததை வேகமாகவே சொல்லிவிடலாம். 1926 அக்டோபர் 1 அன்று இந்திய ராணுவச் செவிலியர் பணி நிரந்தர அமைப்பாயிற்று. இரண்டாம் உலகப்போர் நடுவே, 1943-இல், ஓர் அவசரச் சட்டம் அவர்களுக்கு அதிகாரி அந்தஸ்து கொடுத்தது. 1942-இல் பெண்கள் துணைப்படை என்று ஒன்று தொடங்கி, பத்தாயிரம் பெண்களுக்கு மேல் எழுத்தர்களாகவும் டெலிபோன் ஆபரேட்டர்களாகவும் சங்கேத எழுத்து வேலையிலும் சேர்த்துக்கொண்டார்கள். 1947-இல் அதைக் கலைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பப்பட்ட அந்தப் பெண்களின் உடல்நலத்தைப் பிறகு யாரும் பதிந்து வைக்கவில்லை. செவிலியர் பணி மட்டும் தொடர்ந்தது. 1976-இல் கெர்ட்ரூட் ஆலிஸ் ராம் மேஜர் ஜெனரல் ஆனார். இந்திய ராணுவத்தில் அந்தப் பதவிக்கு உயர்ந்த முதல் பெண் ஒரு செவிலியர்.

அதற்கு அடுத்த வருஷம் வந்தது நான் சொன்ன ஆணை. 1977-ஆம் ஆண்டின் 61-ஆம் எண் ராணுவ ஆணை. செவிலியர் பணியில் நிரந்தர நியமனத்துக்கான நிபந்தனைகள் அதில் இருந்தன. பணி முடிவுக்கு வரும் காரணங்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். முதலாவது, மருத்துவக் குழு தகுதியில்லை என்று சொன்னால். இரண்டாவது, திருமணம் செய்துகொண்டால். மூன்றாவது, ஒழுங்கீனம். நோய்க்கும் குற்றத்துக்கும் நடுவே திருமணத்தை வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை நான் பல தடவை படித்துவிட்டேன். அதை எழுதிய அதிகாரிக்கு உறுத்தியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். தட்டச்சு செய்தவருக்கும் உறுத்தியிருக்காது. 1979-இல்தான் வெளியுறவுத்துறையின் சி.பி. முத்தம்மா வழக்கில், திருமணத்துக்கு அனுமதி கேட்கச் சொல்லும் விதியை நீதிபதி கிருஷ்ண ஐயர் கடுமையாகச் சாடினார். ராணுவத்தின் காதில் அது விழவில்லை.

அதே செவிலியர் பணியில் இருந்த லெப்டினன்ட் செலினா ஜான் ஒரு ராணுவ அதிகாரியைத் திருமணம் செய்துகொண்டார். 1988 ஆகஸ்டில் அவரைப் பணியிலிருந்து விடுவித்தார்கள். விளக்கம் கேட்கவில்லை.

அந்த வருஷங்களை இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்கவேண்டும். 1987-இல் யாழ்ப்பாணத்துக்குப் போன இந்திய அமைதிப்படையின் 54-ஆவது காலாட்படைப் பிரிவு செகந்திராபாத்திலிருந்து போனது. திரும்பி வந்த ஸ்ட்ரெச்சர்களைத் தென்னிந்திய ராணுவ மருத்துவமனைகள் வாங்கின. அக்கா அப்போது இளம் லெப்டினன்ட். கண்ணிவெடியில் கால் போனவர்களின் வார்டு. “ராத்திரி டூட்டிக்கு ரெண்டு பேர், நாப்பது படுக்கை. புரட்டிப் போடணும், தூக்கி உக்கார வைக்கணும். ஒவ்வொருத்தனும் ஆறடி ஆளு. அன்னைக்கு முதுகு வலிக்குன்னு சொல்ல வெக்கமாக்கும் தம்பி. கால் இல்லாதவன் முன்னால நின்னுக்கிட்டு முதுகு வலின்னு எப்படிச் சொல்ல?” சிப்பாய்களில் சிலர் தமிழர்கள். வலி மயக்கத்தில் அம்மாவைக் கூப்பிடுவார்களாம். மற்ற மொழிக்காரர்கள் கூப்பிட்டதைவிட அது தன்னை ஏன் அதிகம் அடித்தது என்று இன்றும் அவருக்கு விளங்கவில்லை. முதுகுவலி அந்த வார்டில் தொடங்கியது. அன்று எங்கும் எழுதிவைக்கவில்லை.

ராணுவச் செவிலியரின் மனதுக்கு என்ன ஆகிறது என்பதை அமெரிக்காவிலும் தாமதமாகத்தான் கேட்டார்கள். வியட்நாமில் ஏறத்தாழ 11,000 அமெரிக்கப் பெண்கள் பணிபுரிந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் செவிலியர். அவர்களில் ஒருவரான லிண்டா வான் டெவான்டர் தூக்கமில்லாத இரவுகளையும் குடியையும் பற்றி 1983-இல் புத்தகம் எழுதியபோது, கூடப் பணியாற்றிய சிலரே அவர்மேல் கோபப்பட்டார்கள். ஆனால் கேள்வி எழுந்துவிட்டது. அமெரிக்க நாடாளுமன்றம் உத்தரவிட்டு நடந்த பெரிய ஆய்வில் பெண்களையும் சேர்த்துக் கேட்டார்கள். வியட்நாம் சென்றுவந்த பெண்களில் 8.5 சதவீதம் பேருக்கு, ஆய்வு நடந்த காலத்திலும், போர் தந்த மன உளைச்சல் நோய் நீடித்திருந்தது. துப்பாக்கி தூக்காதவர்கள், வார்டில் நின்றவர்கள். 1992-இல் படையிலிருந்து விலகிய பெண்களுக்கென்று தனி மருத்துவச் சேவைகளுக்கு அங்கே சட்டம் வந்தது.

2021-இல் வந்த இன்னொரு அமெரிக்கச் சட்டத்துக்கு டெபோரா சாம்ப்ஸன் பெயரைச் சூட்டினார்கள். அமெரிக்க விடுதலைப்போரில் ஆண் வேடத்தில் போரிட்டவர் அவர். தொடையில் குண்டு பாய்ந்தபோது, டாக்டர் பார்த்தால் பெண் என்று தெரிந்துவிடும் என்று பயந்து, ஒரு குண்டைத் தானே தோண்டி எடுத்தார் என்று அவரைப் பற்றிய கதைகள் சொல்கின்றன. காயத்தை டாக்டரிடம் மறைத்த சிப்பாய்! அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் வியப்படையவே இல்லை. “எங்க ஆளுக எல்லாம் மறைக்கத்தானே செஞ்சாவ” என்றார்.

மறைத்ததற்குக் காரணம் இருந்தது. ராணுவத்தில் உடம்புக்கு மார்க் உண்டு. மனநிலை, செவி, கை கால், உடல்திறன், கண் என்று ஐந்து இனம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை எண். ஐந்தின் ஆங்கில எழுத்துகளையும் கோத்து ‘ஷேப்’ என்பார்கள். எல்லாவற்றிலும் 1 வாங்கினால் ‘ஷேப் ஒன்’. ஒன்றில் சறுக்கினாலும் ‘கேட்டகரி’ ஆகிவிட்டார் என்று அர்த்தம். பதவி உயர்வு, நல்ல போஸ்டிங், பணி நீட்டிப்பு எல்லாம் அந்த எண்ணில் தொங்கும். ஆணும் மறைப்பான். பெண்ணுக்கு மறைக்க இன்னும் ஒரு காரணம் கூடுதல்: “பொம்பளைகளால் முடியாது” என்று சொல்லக் காத்திருப்பவனுக்குத் தன் முழங்காலைச் சாட்சியாகக் கொடுக்க அவளுக்கு மனசு வராது.

செவிலியரும் டாக்டரும் அல்லாத பெண் அதிகாரிகளின் கதை நம் சென்னையில் தொடங்குகிறது. 1992 செப்டம்பரில் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு 25 பெண்கள் வந்து சேர்ந்தார்கள். பிரியா ஜிங்கன், பயிற்சி எண் 001. 1993 மார்ச் 6 அன்று தோளில் நட்சத்திரம் ஏறியது. அவர்களுக்கென்று தைத்த காலணி உண்டா, தனிக் கழிப்பறை உண்டா என்பவையெல்லாம் பிறகுதான் யோசிக்கப்பட்டன.

அடி நீளம் என்ற ஒரு சின்ன விஷயத்தைச் சொல்கிறேன். அணிவகுப்பில் எல்லோரும் ஒரே நீளத்தில் காலை எட்டிப் போடவேண்டும். உயரமான ஆணுக்கு அது இயல்பான அடி. குட்டையான பெண் இடுப்பை நீட்டி இழுத்துத்தான் அதை எட்டிப்பிடிக்க முடியும். முதுகில் பையோடு வாரக்கணக்கில் அப்படி நடந்தால் இடுப்பெலும்பில் மயிரிழை விரிசல் விழும். பயிற்சியில் இந்த விரிசல் பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம் வருவதைப் பல நாட்டு ராணுவ டாக்டர்கள் கண்டிருக்கிறார்கள். ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவாக இருந்தாலும், செலவழிக்கும் சக்திக்குச் சாப்பாடு ஈடாகாவிட்டாலும் இன்னும் சீக்கிரம் வரும். ஆஸ்திரேலிய ராணுவம் 1990-களில் பயிற்சி நடையின் அடியைக் குறைத்தது, வேகத்தையும் கொஞ்சம் தணித்தது. பெண்களின் இடுப்பெலும்பு விரிசல் சடசடவென்று குறைந்துவிட்டது. அதுவரை அதைப் பெண் உடம்பின் பலவீனம் என்றே எழுதிவந்தார்கள்.

இன்னொன்று தண்ணீர். “கான்வாயில ஏறினா எட்டு மணி நேரம், பத்து மணி நேரம். வண்டியில எல்லாம் ஆம்பிளைக. எங்கே இறங்க? அதனால முந்தின நாள் ராத்திரியே தண்ணி குடிக்கறத நிறுத்திருவோம்.” அக்கா இதை வெகு சாதாரணமாகச் சொன்னார். சிறுநீர்த்தொற்று அவர்களுக்குப் பணியின் ஒரு பகுதி. அதற்குக் கொடுத்த மாத்திரைகளில் ஒன்றான சிப்ரோஃப்ளாக்சசின் எங்கள் ஊரில் செய்யப்படுகிற மருந்து. பட்டான்செரு சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறிய தண்ணீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை அந்த மருந்து கலந்திருப்பதை ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்டார்கள். கிருமிகளுக்கு மருந்து பழகிப்போகும் ஊரில், அந்தத் தொற்று திரும்பத் திரும்ப வரும் ஒரு பெண் இப்போது வயதான காலத்தைக் கழிக்கிறார்.

அந்த 1992 ஏற்பாட்டில் வந்த பெண்களுக்கு முதலில் ஐந்து ஆண்டுப் பணி. பிறகு அதை நீட்டி நீட்டிப் பதினான்கு ஆண்டாக்கினார்கள். அதிகாரிக்கு ஓய்வூதியம் வேண்டுமென்றால் இருபது ஆண்டு வேண்டும். இருபத்தொரு வயதில் வந்து முப்பத்தைந்தில் போகிறவருக்குப் பென்ஷன் கிடையாது. 2003 ஏப்ரல் 1 அன்று முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம் தொடங்கியது. ஊருக்கு ஊர் பாலிக்ளினிக், அங்கிருந்து தனியார் ஆஸ்பத்திரிக்கு ரெஃபரல், சிகிச்சைக்குப் பணம் கட்டவேண்டியதில்லை. நல்ல திட்டம். அதை நம்பி உயிரோடிருக்கும் பல லட்சம் குடும்பங்கள் உண்டு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கார்டு வாங்கும் தகுதியைப் பென்ஷனோடு முடிச்சுப்போட்டார்கள். அந்த முடிச்சில் குறுகிய காலப் பணி அதிகாரிகள் எல்லோரும் வெளியே நின்றார்கள், ஆண்களும் சேர்த்துத்தான். ஆண்களுக்கு நிரந்தரப் பணிக்குப் போகும் கதவு திறந்திருந்தது. பெண்களுக்குப் பெரும்பாலான பிரிவுகளில் அந்தக் கதவே இல்லை. ஆக 1990-களில் படையில் சேர்ந்த பெண் அதிகாரிகளில் அநேகமாக ஒரு தலைமுறை முழுக்க, முழங்காலையும் முதுகையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது, அதற்கு வைத்தியம் செய்யும் செலவு அவர்களுடையது.

2019 மார்ச்சில்தான் பாதுகாப்பு அமைச்சகம் அந்த முடிச்சைத் தளர்த்தியது. குறுகிய காலப் பணி அதிகாரிகள், அவசர நியமன அதிகாரிகள், இரண்டாம் உலகப்போரில் பணியாற்றி இன்னும் உயிரோடிருந்தவர்கள் எல்லோருக்கும் திட்டம் திறந்தது. உலகப்போர் முடிந்து எழுபத்துநான்கு வருஷம் ஆகியிருந்தது.

நிரந்தரப் பணிக்கான வழக்கு 2003-இல் தொடங்கியது. 2020 பிப்ரவரி 17 அன்று உச்சநீதிமன்றம் பெண்கள் பக்கம் தீர்ப்பளித்தது. பத்திரிகைகள் அத்தோடு கொண்டாடி முடித்துவிட்டன. உடம்பின் கதை அதற்குப் பிறகுதான் வருகிறது. நிரந்தரப் பணி தருகிறோம், ‘ஷேப் ஒன்’ காட்டுங்கள் என்றது ராணுவம். ஆண் அதிகாரிக்கு இந்தச் சோதனை ஐந்தாவது அல்லது பத்தாவது ஆண்டில், முப்பது வயதையொட்டி நடக்கும். அதில் தேறி நிரந்தரமானபிறகு நாற்பத்தைந்தில் அவருக்குச் சர்க்கரை வந்தால் வேலை போகாது. பெண்களுக்கோ பதினேழு வருஷம் வழக்கில் கழிந்திருந்தது. நாற்பதைக் கடந்து, ஐம்பதை நெருங்கி, இரண்டு பிள்ளை பெற்று, மாதவிடாய் நிற்கும் காலத்தில் இருந்தவர்களிடம் முப்பது வயது உடம்பைக் கேட்டார்கள். அதை எதிர்த்துப் பெண் அதிகாரிகள் தொடுத்த நிதிஷா வழக்கில் 2021 மார்ச் 25 அன்று நீதிபதி சந்திரசூட் இதை மறைமுகப் பாகுபாடு என்றார். விதி எல்லோருக்கும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் அதன் பாரம் ஒரு சாரார்மேல் மட்டும் விழுகிறது, அந்த ஐந்தாம் பத்தாம் ஆண்டு நிலவரத்தைத்தான் பார்க்கவேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். இந்தத் தொடரில் இதுவரை பார்த்த ஆவணங்களில், பெண் சிப்பாயின் வயதையும் உடம்பையும் ஒருசேர வைத்து யோசித்த முதல் இந்திய ஆவணம் இதுதான் என்பது என் எண்ணம்.

செலினா ஜானுக்கு 2024 பிப்ரவரியில் நியாயம் கிடைத்தது. நீதிபதிகள் சஞ்சீவ் கன்னாவும் தீபாங்கர் தத்தாவும் அந்தத் திருமண விதியை அப்பட்டமான பாலினப் பாகுபாடு என்று சொல்லி, 60 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னார்கள். விதியே 1995-இல் விலக்கப்பட்டுவிட்டது. பணி போய் முப்பத்தைந்து வருஷம் கழித்து வந்த பணம். செய்தி வந்த அன்று சாயங்காலம் அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு, “என்கூட டிரெய்னிங் எடுத்தவ ரெண்டு பேரு அப்படித்தான் போனாளுக” என்று மட்டும் சொன்னார்.

பெயரும் ஒரு தடைதான். ஆங்கிலத்தில் முன்னாள் சிப்பாயைக் குறிக்கும் சட்டச் சொல்லிலேயே ஆண் இருக்கிறான். 2023 ஜனவரியில் கர்நாடக உயர்நீதிமன்றம், ஒரு சுபேதாரின் மகள் தொடுத்த வழக்கில், அந்தச் சொல்லையே மாற்றும்படி அரசுக்குச் சொன்னது. தமிழில் அந்தச் சிக்கல் இல்லை. ‘படைவீரர்’ என்ற ‘அர்’ விகுதிக்குள் பெண்ணும் அடங்குவாள். தமிழ்நாட்டில் முன்னாள் படைவீரர் நல அலுவலகப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது தோன்றும். மொழி இடம் விட்டிருக்கிறது.

இனி அக்காவின் ஃபைல். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் முன்னால் விரித்து வைத்தார். எக்ஸ்ரேக்கள், மாத்திரைச் சீட்டுகள், ரெஃபரல் தாள்கள். அடியில், ஓரம் மஞ்சளாகிப்போன ஒரு கட்டு. பணியிலிருந்து விடைபெறும்போது நடந்த மருத்துவக் குழுவின் அறிக்கை. வெளியேறும் ஒவ்வொருவரையும் மூன்று டாக்டர்கள் சோதித்து, என்னென்ன கோளாறு, எத்தனை சதவீதம் என்று எழுதுவார்கள். கோளாறு பணியால் வந்தது, அல்லது பணியால் மோசமானது என்று எழுதினால், அது இருபது சதவீதமும் இருந்தால், ஊன ஓய்வூதியம் கிடைக்கும். இரண்டும் இல்லை என்றால் அதற்கொரு ஆங்கிலச் சுருக்கம் உண்டு. நான்கு எழுத்து. சேர்த்துப் படித்தால் ‘நானா’ என்று வரும்.

முதுகெலும்புத் தேய்மானம்: நானா. முழங்கால்: நானா. கர்ப்பப்பைக் கட்டி: நானா.

நமக்கு அந்தச் சொல் வேறு மாதிரிக் கேட்கிறது. நானா, என்னாலா, நானாக வரவழைத்துக்கொண்டதா என்று அந்தத் தாள் கேட்பதுபோல இருந்தது எனக்கு. தரம்வீர் சிங் வழக்கில் 2013-இல் உச்சநீதிமன்றம், சேரும்போது பதிவில் இல்லாத நோய் பின்னால் வந்தால் அது பணியால் வந்ததாகவே கொள்ளவேண்டும், இல்லையென்றால் டாக்டர்கள் காரணம் எழுதவேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பைக் காட்டி எத்தனையோ பேர் தீர்ப்பாயம் போனார்கள். அக்கா போகவில்லை. வாதாட அவரிடம் காகிதம் இல்லை. நாற்பது படுக்கை வார்டில் ராத்திரி மூன்று மணிக்கு முதுகு சுளுக்கியதை எந்த ரிஜிஸ்டரும் சொல்லாது.

இப்போது இந்தியப் படைகளில் பெண்கள் செவிலியராகவும் அதிகாரியாகவும் மட்டும் இல்லை. 2021 மே மாதம் ராணுவ போலீஸில் 83 பெண் சிப்பாய்கள் பயிற்சி முடித்தார்கள். 2023 மார்ச்சில் ஒடிசாவின் சில்காவில் கடற்படையின் முதல் பெண் அக்னிவீரர்கள் 273 பேர் அணிவகுத்தார்கள். அக்னிவீரருக்கு நான்கு ஆண்டுதான் பணி. நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப்படாதவருக்கு ஓய்வூதியம் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற பெயர் இல்லை, அந்த மருத்துவக் கார்டும் இல்லை. 2019-இல் அவிழ்ந்த முடிச்சு, 2022-இல் வேறு கயிற்றில் விழுந்திருக்கிறது. அதே காலத்தில், 2024-இல், ராணுவ மருத்துவப் பணிக்கு சாதனா சக்சேனா நாயரும், முப்படை மருத்துவப் பணிகளுக்கு ஆர்த்தி சரினும் தலைமையேற்றார்கள். இரண்டு பதவியிலும் முதல் பெண்கள் அவர்கள். அந்த மேஜைகளில் இந்தக் கேள்வி போய்ச் சேரவேண்டும் என்று நான் உளமார விரும்புகிறேன்.

பணியால் ஊனமுற்ற அக்னிவீரருக்கு இழப்பீடு உண்டு. ஊனம் நூறு சதவீதமென்றால் 44 லட்சம், எழுபத்தைந்தென்றால் 25, ஐம்பதென்றால் 15. ஆனால் பணியால் வந்தது என்று டாக்டர் எழுதவேண்டும்.

எங்கள் தெருமுனை வீட்டுப் பெண் பத்தொன்பது வயது. அக்னிவீர் தேர்வுக்குத் தயாராகிறாள். விடியற்காலையில் மைதானத்தில் ஓடிவிட்டு, வேர்வையோடு அக்கா வீட்டு வாசலில் வந்து உட்காருவாள். போன மாதம் ஒருநாள் நானும் அங்கே இருந்தேன். அக்கா தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார். முருங்கைக்கீரை, வேர்க்கடலை உருண்டை, ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்த்தாயா என்றெல்லாம் கேட்டார். பிறகு அவள் தன் கெண்டைக்காலைத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்து நிறுத்தினார்.

“வலிக்குதா?”

“லேசா. பரவாயில்ல அம்மா, யாருக்கும் சொல்ல மாட்டேன்.”

அக்கா எழுந்து உள்ளே போய் நீல ஃபைலை எடுத்து வந்தார். மஞ்சள் கட்டைப் பிரித்து அந்தப் பெண்ணின் மடியில் வைத்தார். விரலை ‘நானா’ மேல் வைத்துக்கொண்டு சொன்னார்: “உள்ளே போனப்புறம் கால் பிசகினா, அன்னைக்கே எம்.ஐ. ரூமுக்கு, டாக்டர் பாக்கற ரூமுக்குப் போ. திட்டுவாங்க, சிரிப்பாங்க, போ. தேதியோட எழுதச் சொல்லு. எந்த இடம், என்ன வேலை செய்யும்போதுன்னு எழுதச் சொல்லு. ஒரு காப்பி உங்க அம்மாவுக்கு அனுப்பு.”

அவள் போனை எடுத்தாள். எம்.ஐ. ரூம், தேதி, இடம், வேலை, காப்பி என்று தெலுங்கில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டாள். அடித்து முடித்துவிட்டு, “இன்னொரு தடவை சொல்லுங்க அம்மா” என்றாள்.

(தொடரும்)